அவர் ஓட்டு, என் கை

தேர்தல் நடத்த என்னைப் பிடித்ததற்கு ஒரே காரணம், நான் ரெண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரி இல்லை என்பதுதான்.

பழனிசெட்டிபட்டியில், ஒரு காலத்தில் பருத்தி மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றில் எங்கள் பட்டறை இருந்தது. அதற்கு முதலாளி என்று யாரும் கிடையாது. லேத், டிரில்லிங் மிஷின், வெல்டிங் செட், மரம் இழைக்கிற மிஷின் என்று தனி ஆளாக யாரும் வாங்க முடியாத சாமான்களைச் சேர்ந்து வாங்கிப் போட்டு, முறை வைத்து வேலை செய்துகொள்கிற இடம். உறுப்பினர்கள் அறுபத்து மூன்று பேர். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் கழற்றிக் கொண்டுவருவார்கள். கருகின கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். கெங்குவார்பட்டியில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார்.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நிர்வாகக் குழுத் தேர்தல். பட்டறை தொடங்கி ஆறேழு வருஷத்தில் அது பேருக்குத்தான் தேர்தல். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம், பழைய தலைவர் பேரையே யாராவது முன்மொழிவார்கள், கை தட்டுவோம், வடை காபி சாப்பிட்டுக் கலைவோம். அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பெட்டி வைக்க வேண்டி வந்தது.

காரணம் ஒரு விபத்து. பெரியகுளத்திலிருந்து வருகிற கார்பெண்டர் அண்ணன் ஒருவர், பங்குனி மாதத்தில் இழைப்பு மிஷினில் வலது கையைக் கொடுத்துவிட்டார். மூன்று விரல் போய்விட்டது. அந்த மிஷினில் சுழலுகிற கத்தியை மூடுவதற்கு ஒரு தகடு உண்டு. கை உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். விபத்து நடந்தபோது அந்தத் தகடு கழற்றி ஓரமாகச் சாத்தியிருந்தது. ஒரு கல்யாண மண்டபத்துக் கதவு வேலை அவசரமாக நடந்துகொண்டிருந்த நேரம். 'தகடு இருந்தா அகலப் பலகை சட்டுனு நுழையாது, அதக் கழட்டிட்டு ஓட்டுன்னு தலைவர்தேன் சொல்லியிருக்காரு' என்று பேச்சு கிளம்பியது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு வாரத்தில் எல்லாருக்கும் அதுவே உண்மை ஆகிவிட்டது.

தலைவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வயது, லேத்துக்காரர், நிதானமான மனிதர். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, நீங்க கழட்டச் சொன்னீகளா?"

அவர் லேத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அதப் பேசி இப்ப வெரலு மொளைக்கப் போகுதா ஆத்தா?" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அவரை எதிர்த்து நின்றவர் வெல்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். பட்டறையில் இவர் சத்தம் போட்டால்தான் முதலுதவிப் பெட்டியில் பஞ்சே இருக்கும். "கழட்டச் சொன்ன ஆளு தலைவர் நாற்காலியில ஒக்காரக் கூடாது, அம்புட்டுத்தேன்" என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். என் வீட்டுக்காரருக்கு அவர் நெருங்கிய கூட்டாளி. வெளியில் சொல்லாவிட்டாலும் என் மனசும் அவர் பக்கம்தான் சாய்ந்திருந்தது. தேர்தல் அலுவலருக்கு ஓட்டு இல்லை என்று பட்டறை விதிமுறையான பைலாவில் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

குழுவில் மற்ற ஆறு இடத்துக்கும் போட்டி இல்லை. தலைவர் இடத்துக்கு மட்டும் சீட்டு அடித்தோம். படிக்காதவர்களும் இருந்ததால் சின்னம் கொடுத்தேன். தலைவருக்குக் குறடு, வெல்டருக்குச் சுத்தியல். ஒரே நிற மையில் எல்லாரும் டிக் போட வேண்டும் என்பதற்காக ஒரே பேனாவைச் சணலில் கட்டித் தொங்கவிட்டேன்.

ஆனி மாதம். கணவாய் வழியாக வருகிற காற்று கிட்டங்கித் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. லேத்துக்கும் சுவருக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டி மறைப்பு செய்திருந்தோம். அது உப்பி உப்பி அடங்கியது. காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். வழக்கமாக வாசலில் நின்று சிரித்துப் பேசுகிற ஆட்கள் அன்றைக்கு ரெண்டு கூட்டமாக ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். டீக்கடைக்குக்கூட ஒன்றாகப் போகவில்லை.

மதியம் ரெண்டு மணிவாக்கில் ஒரு ஆட்டோ வந்தது. வெல்டருடைய ஆட்கள் பெரியகுளத்துக்கே போய்க் கார்பெண்டரைக் கூட்டிவந்திருந்தார்கள். கூடவே அவர் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ரெண்டு மாதத்துக்கு மேல் ஆகியும் கையில் கட்டு இருந்தது. அவர் இறங்கியதும் வெல்டர் பக்கத்து ஆட்கள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அந்தக் கட்டுப்போட்ட கையைப் பிடித்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தவே பார்த்தார். கார்பெண்டர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சீட்டைக் கொடுத்தேன். அவர் வாங்காமல், "என்னால பேனாவப் பிடிக்க முடியாது. நீயே போட்டுரு ஆத்தா" என்றார்.

எழுத முடியாத உறுப்பினருக்குத் தேர்தல் அலுவலர் உதவலாம் என்று பைலாவில் இருந்தது. உடனே வெல்டர் முன்னால் வந்தார்.

"தங்கச்சி, எங்க ஆளு ஒருத்தர் கூட நிக்கட்டும்."

"முடியாதுண்ணே."

"ஏன்? எதுக்குப் பயம்?"

"அவரு ஓட்டு அவருக்கு மட்டுந்தேன் தெரியணும். நான் போடுறதால எனக்கும் தெரியப் போகுது. மூணாவது ஆளு எதுக்கு?"

"அப்ப தலைவர் ஆளு ஒருத்தரும் நிக்கட்டும், எங்க ஆளு ஒருத்தரும் நிக்கட்டும். சரிதான?"

"யாரும் வேண்டாம்ணே."

அவர் முகம் மாறியது. கார்பெண்டருடைய மனைவிதான், "போகட்டும் விடுங்கண்ணே, அவரு எங்க போடுவாருன்னு ஊருக்கே தெரியும்" என்று வெல்டரைச் சமாதானப்படுத்தினாள்.

நானும் கார்பெண்டரும் தார்ப்பாய்க்குள் போனோம். நான் பேனாவைக் கையில் எடுத்துச் சுத்தியலுக்கு நேராகவே கொண்டுபோய்விட்டேன். போடவில்லை, ஆனால் கை அங்கேதான் போனது. அவர் மெல்ல, "குறடு" என்றார்.

காற்றுச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று, "என்னண்ணே?" என்றேன்.

"குறட்டுல போடு."

"குறடு தலைவரோடதுண்ணே."

"தெரியும். போடு."

போட்டேன். அவர் சீட்டைக் குனிந்து பார்த்துச் சரிதான் என்று தலையாட்டினார். மடித்தேன். வெளியே வரத் திரும்பியபோது அவர் இடது கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார். அவர் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"தகடக் கழட்டுனது நான்தேன் ஆத்தா. தலைவரு அப்ப அங்கன இல்லவே இல்ல. கழட்டுன போல்ட்டு ரெண்டும் என் சட்டப் பையில கெடந்துச்சு. ஆஸ்பத்திரியில சட்டயக் கத்தரிச்சப்ப நர்சம்மா எடுத்து அவரு கையிலதேன் குடுத்துச்சு. என்னயப் பாத்தாரு. பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"நீங்க ஏண்ணே சொல்லல?"

"ஆப்பரேசன் முடிஞ்சு நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள என் வீட்டுக்காரி அவர வராண்டாவுல வச்சு மண்ணள்ளித் தூத்திட்டா. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல? இருபது வருசமா வேல பாத்த எடத்துலயெல்லாம் புதுசா வர்றவனுக்கு தகடக் கழட்டாதடான்னு சொல்லிக் குடுத்த பயல் நானு."

வெளியிலிருந்து யாரோ, "என்ன இம்புட்டு நேரம்?" என்று குரல் கொடுத்தார்கள். நாங்கள் வெளியே வந்தோம். நான் சீட்டை எல்லார் முன்னாலும் பெட்டியில் போட்டேன். வெல்டர் பக்கத்தில் யாரோ கை தட்டினார்கள். கார்பெண்டர் யாரையும் பார்க்காமல் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று மணிக்கு வாசலை அடைத்து எண்ணத் தொடங்கினேன். மொத்தம் ஐம்பத்தேழு சீட்டு. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு ஸ்பேனரை வைத்தேன். முதல் இருபது சீட்டுக்குள் சுத்தியல் நாலு முன்னால் போனது. பிறகு குறடு ஏறிவந்தது. ஐம்பதைத் தாண்டும்போது சமமாக நின்றது. எல்லாரும் மேஜையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசிச் சீட்டைப் பிரிக்கும்போது இருபத்தெட்டு, இருபத்தெட்டு. பிரித்தேன். குறடு.

இன்னொரு தடவை எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன். ரெண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு ஆள் நின்று எண்ணினார்கள். இருபத்தொன்பது, இருபத்தெட்டு. அதில் மாற்றமில்லை.

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அங்கே இன்னொருவருக்கு மட்டும்தான் தெரியும். தார்ப்பாய்க்குள் என் கையால் போட்ட அந்த ஓட்டு மாறி விழுந்திருந்தால் வெல்டர் ஜெயித்திருப்பார்.

"தலைவர் மறுபடியும்..." என்று நான் தொடங்குவதற்குள் வெல்டர் மேஜையில் ஓங்கி அடித்தார்.

"நில்லு தங்கச்சி. ஒரு ஓட்டு. அவரு ஓட்ட நீதான போட்ட?"

"ஆமாண்ணே."

"எதுல போட்ட?"

"சொல்ல முடியாதுண்ணே."

"நான் கேட்டனா இல்லியா, ஒரு ஆளு நிக்கட்டும்னு? நீ வேணாம்னு சொன்னப்பவே எனக்குத் தோணுச்சு."

எல்லாரும் கார்பெண்டரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறப்பார், திறப்பார் என்று காத்திருந்தேன். அவர் திறக்கவில்லை. அவர் மனைவி என்னிடம் வந்து, "வெரலு போன மனுசன் ஓட்டயுமா களவாண்ட?" என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நான் முடிவை வாசித்தேன். சீட்டுகளைத் துணிப்பையில் போட்டு, அரக்கு வைத்து, ரெண்டு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினேன். ஆட்சேபம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று பைலாவில் இருந்ததால், அதையும் வாசித்தேன். வெல்டர் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிறப்புப் பொதுக்குழு என்று முடிவானது.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரத்தை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை, காயில் கட்டக் கொடுத்திருந்த ரெண்டு மோட்டாரை அப்படியே திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள். பட்டறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். வீட்டில் என் வீட்டுக்காரர், "எனக்காவது சொல்லு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ரெண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் கேட்பதை நிறுத்திவிட்டு, தட்டை வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போவார். பத்து வருஷக் கூட்டாளி அவரிடம் பேசாமல் போகிறாரே என்று அவருக்கு மனசு கசந்திருந்தது. அது என்னால்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை கார்பெண்டருடைய மனைவி என் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவளைக் காட்டி, "இந்தப் புள்ள தலையில அடிச்சுச் சொல்லுக்கா, அவரு சொன்ன எடத்துலதேன் போட்டேன்னு" என்றாள்.

"புள்ள தலையில எல்லாம் அடிக்க மாட்டேன். ஆனா அவரு சொன்ன எடத்துலதேன் போட்டேன்."

"அப்ப அவரு எந்த எடத்தச் சொன்னாரு?"

"அவர்ட்டயே கேளு."

"கேட்டேன். நாலு நாளா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. சுவத்தப் பாத்துப் படுத்துக்கிறாரு." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "என்னமோ இருக்கு. ஒனக்குத் தெரியுது. எனக்குத் தெரியல."

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் என் மேல் விழுந்த பழி போய்விடும். தலைவர் மேல் விழுந்ததும் போய்விடும். ஆனால் அது என்னுடையது இல்லை. அவர் தார்ப்பாய்க்குள் சொன்னது தேர்தல் அலுவலரிடம் சொன்னதா, என்னிடம் சொன்னதா என்றுகூட எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் பெரியகுளம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நேரே அவரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிவிடுங்கள் என்று கெஞ்ச வேண்டும் என்றுதான் கிளம்பினேன். பஸ் லட்சுமிபுரம் தாண்டுவதற்குள் எனக்கு வேறு மாதிரி தோன்றியது. ஓட்டு எண்ணினவள் ஓட்டுப் போட்டவன் வீட்டுக்குப் போய் இதைச் சொல், அதைச் சொல் என்றால், வெல்டர் சொல்வது சரி என்றுதான் ஆகும். அங்கேயே இறங்கினேன். எதிர்ப்பக்கம் அரை மணி நேரம் நின்று தேனி பஸ்ஸைப் பிடித்து வந்தேன். அந்த அரை மணி நேரமும் அவரைத் திட்டிக்கொண்டேதான் நின்றேன். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் என்னை இப்படி நிறுத்திவிட்டீர்களே என்று.

ஞாயிற்றுக்கிழமை அறுபத்து மூன்று பேரில் அறுபது பேர் வந்திருந்தார்கள். கார்பெண்டரும் வந்திருந்தார், தானாகவே பஸ்ஸில். பொதுக்குழுவுக்குள் உறுப்பினர் அல்லாதவர்கள் வரக் கூடாது என்பதால் அவர் மனைவி வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். தேர்தலை ரத்து செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை வெல்டர் வாசித்தார். என்னை விளக்கம் கேட்டார்கள். எழுந்து நின்றேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு சொன்ன சின்னத்துலதேன் டிக் போட்டேன். போட்டத அவரும் குனிஞ்சு பாத்தாரு. எதுலன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த தேர்தல்ல எழுத முடியாத ஒருத்தரும் இந்தப் பெட்டிக்கு வர மாட்டாக."

"நல்லாத்தேன் படிச்சிருக்க" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சிரிக்காதீகய்யா" என்று ஒரு சத்தம். கார்பெண்டர் எழுந்திருந்தார். கட்டுப்போட்ட கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் குறட்டுலதேன் போடச் சொன்னேன். அந்தப் புள்ள மறுபடியும் கேட்டுச்சு. மறுபடியும் அதத்தேன் சொன்னேன்."

அவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"தகடக் கழட்டுனது தலைவர் இல்ல. நானு. அவசரத்துக்குக் கழட்டுனேன். போல்ட்டு என் பையில இருந்துச்சு, அதப் பாத்த ஒரே ஆளு அவருதேன். என்னயக் காட்டிக் குடுக்காம இம்புட்டு நாளும் ஏச்சு வாங்குனாரு. நான் வெக்கங்கெட்டுப் போயி அவரு ஏச்சு வாங்குறத வேடிக்க பாத்தேன்."

கம்பிக் கதவுப் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

வெல்டர் கையிலிருந்த தீர்மானக் காகிதத்தை மடித்தார். அவர் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் தலைவரைப் பார்த்துத் திரும்பினார்.

"சரி, நீங்க கழட்டச் சொல்லல. நான் சொன்னது தப்பு. ஆனா ரெண்டு போல்ட்டத் திருகுனா கழண்டு வர்ற தகட்ட வச்சு ஆறு வருசமா மிஷின ஓட்டியிருக்கோம். அது யாரு பொறுப்பு?"

தலைவர் எழுந்தார். "என் பொறுப்புதேன். நானும் மூணு தடவ கழட்டி ஓட்டியிருக்கேன். எனக்கு வெரலு தப்பிருச்சு. அதத்தேன் என்னால சொல்ல முடியல. அவன மறைச்சேன்னு நெனைக்கிறீக. என்னயவும் சேத்துத்தேன் மறைச்சேன்."

அன்றைக்கு நான் எதிர்பார்க்காத பேச்சு அதுதான். அவரை நல்லவர் என்று ஒரு வாரமாக மனசுக்குள் தூக்கி வைத்திருந்தேன். அது கொஞ்சம் கீழே இறங்கியது. ஆனாலும் அதற்குப் பிறகுதான் அவரிடம் பேச எனக்குச் சுலபமாக இருந்தது.

வெல்டர் ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தேர்தல் செல்லும் என்று பதிவானது. புதுத் தகடு செய்கிற வேலையை அவரிடமே ஒப்படைத்தார்கள். கீல் வைத்து, மிஷின் உடம்போடு சேர்த்து வெல்டிங் வைத்தார். நான் அதில் ஒரு சுவிட்ச் பொருத்தினேன். தகடு மூடாவிட்டால் மோட்டார் ஓடாது. ரெண்டு பேரும் ஒரே மிஷினுக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தோம். "ஒயரக் குடு", "பிடிச்சுக்கோ" என்பதைத் தவிர அவர் ஒன்றும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. ஐந்தாறு மாதம் கழித்து, அவர் தோட்டத்து மோட்டார் எரிந்தபோது வேறு யாரிடமும் போகாமல் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். வீட்டில் பேச்சு அதற்கு முன்பே திரும்பியிருந்தது. பொதுக்குழு நடந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வீட்டுக்காரர், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். "சொல்லியிருந்தா நீங்க ஒங்க கூட்டாளிட்டச் சொல்லியிருப்பீக" என்றேன்.

கார்பெண்டர் திரும்ப இழைப்பு மிஷினுக்கு வரவில்லை. உறுப்பினராக மட்டும் இருந்தார். பெரியகுளத்தில் ஒரு மரக்கடையில் மரம் பார்த்து வாங்கிக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த தேர்தலையும் என்னையே நடத்தச் சொன்னார்கள். முடியாது என்றேன். தலைவர் வந்து கேட்டார், வெல்டரும் வந்து கேட்டார். கடைசியில் ஒரு நிபந்தனையில் சம்மதித்தேன். எழுத முடியாதவர் தனக்கு வேண்டிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம், தேர்தல் அலுவலர் கையால் போடக் கூடாது என்று பைலாவைத் திருத்தினால்தான் உட்காருவேன் என்றேன். திருத்தினார்கள். அந்த வருஷம் வெல்டர் ஜெயித்தார், பதினோரு ஓட்டில்.

அதற்கும் ஒரு வருஷம் கழித்து, தேனி பஸ் ஸ்டாண்டில் கார்பெண்டருடைய மனைவியைப் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி போவாள் என்று நினைத்தேன். அவளே வந்தாள். கையில் மாம்பழப் பை.

"அன்னைக்கு ஒன் வீட்டுக்கு வந்தப்பவே நீ சொல்லியிருந்தா, கதவுக்கு வெளிய அத்தன பேரோட நின்னு நான் அதக் கேட்டிருக்க வேண்டியதில்லக்கா."

"தெரியும்" என்றேன்.

"நீ சொல்ல முடியாதுன்னும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கோவம் இருக்கு."

"இருக்கட்டும்."

அவள் பையிலிருந்து ரெண்டு மாம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். பெரியகுளம் வண்டி வந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறினாள். உள்ளே இடம் கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கிடைக்கவில்லை போலிருக்கிறது; கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.